லிட்டருக்கு எத்தனை? – கார் விளம்பரத்தின் தசமப் புள்ளிக் கணக்கு

பெருநாளை ஒட்டிய வாரங்களில் வெளிவரும் நாளிதழ் ஒன்றைக் கையில் எடுத்துக் கொள்ளுங்கள். செய்திகளைச் சற்றே ஒதுக்கிவிட்டு, முழுப் பக்கத்தையும் அடைத்துக் கொண்டிருக்கும் கார் விளம்பரத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். கடற்கரைச் சாலை, சிரிக்கும் குடும்பம், பளபளக்கும் வண்டி. அவற்றுக்கு மேலே, கண்ணைப் பறிக்கும் பெரிய எழுத்தில் ஓர் எண்: லிட்டருக்கு 25.17 கிலோமீட்டர். அந்த எண்ணின் தோளில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி உட்கார்ந்திருக்கும். அந்த நட்சத்திரத்தைத் தேடிப் பக்கத்தின் அடிக்கு வந்தால், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஒரு வாசகம் கிடைக்கும். மத்திய மோட்டார் வாகன விதி 115-இன் கீழ், வரையறுக்கப்பட்ட சோதனைச் சூழலில், சோதனை நிறுவனம் சான்றளித்த அளவு இது என்பது அதன் சாரம்.

மேலே இருக்கும் எண்ணுக்கும் கீழே இருக்கும் வாசகத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது? அதை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. ஒரு குடும்பம் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரும்பணம் கொடுத்து வாங்கும் பொருள் கார்தான். வளைகுடாவில் வெயில் பார்த்துச் சேர்த்த பணம் அதில் போகிறது. மகளின் நிக்காஹுக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து ஒரு பகுதி அதில் போகிறது. ஆகவே அந்த எண்ணை நம்பி முடிவெடுக்கும் முன், அந்த எண் எங்கே பிறந்தது என்று தெரிந்து கொள்வது நல்லது.

நம் ஊர்க்காரர் கேட்கும் முதல் கேள்வி

மைலேஜ் என்னும் சொல் நம் நாட்டில் மைல் வழக்கொழிந்த பின்னும் உயிரோடு இருக்கிறது. 1980களில் ஹீரோ ஹோண்டா மோட்டார் சைக்கிள் வந்தபோது, ‘நிரப்பு, மூடு, மற’ என்று பொருள்படும் ஆங்கில விளம்பரம் ஒன்று நாடெங்கும் பேசப்பட்டது. பெட்ரோலை நிரப்பி மூடியைப் போட்டுவிட்டால், அந்தப் பக்கம் மறந்தே போகலாம் என்பது அதன் பொருள். வண்டியின் வேகமோ அழகோ அந்த வாசகத்தில் இல்லை. மாதச் சம்பளக்காரரின் கவலை ஒன்றையே அது தொட்டது. தொட்ட இடம் சரியான இடமாகவும் இருந்தது.

பின்னர் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாருதி நிறுவனம் இந்த மனப்போக்கையே வேடிக்கையாக்கி விளம்பரம் செய்தது. விண்கலத்தின் அருமை பெருமைகளை ஒரு நிபுணர் விளக்கி முடிக்க, கேட்டுக் கொண்டிருந்த இந்தியர், ‘எவ்வளவு கொடுக்கும்?’ என்று இந்தியில் கேட்கிறார். பார்த்தவர்கள் சிரித்தார்கள்; சிரித்துவிட்டுக் காட்சியறைக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டார்கள்!

செங்கல்பட்டுப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இக்கதை இன்னும் நெருக்கமானது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் எல்லைக்குள் எத்தனை கார்த் தொழிற்சாலைகள் எழுந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோவும் நிஸ்ஸானும் கூட்டாக நிறுவிய ஆலை. கார்களுக்குச் சோதனை நடத்திச் சான்றளிக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் அதே ஒரகடத்தில்தான் இருக்கிறது. கார் பிறப்பதும் அதற்குச் சான்று பிறப்பதும் நம் கண்ணெதிரே என்றே சொல்லலாம்.

மறைமலை நகர் ஆலையின் கதையில் ஒரு திருப்பம் உண்டு. 1999இல் அங்கிருந்து வெளிவந்த ‘ஐகான்’ காரை ஃபோர்டு நிறுவனம் உற்சாகத்தின் பெயரால் விற்றது. ‘ஜோஷ் மெஷின்’ என்பது அதன் பட்டப்பெயர். மைலேஜைப் பற்றி அது அதிகம் பேசவில்லை. அந்தக் காரும் பெட்ரோல் குடிப்பதில் தாராளம் என்று பெயரெடுத்தது. சந்தை எதைக் கேட்கிறது என்பதை நிறுவனம் விரைவில் கற்றுக் கொண்டது. 2013இல் அதே ஆலையிலிருந்து வந்த சிறிய ரகக் காருக்கு ‘எக்கோ ஸ்போர்ட்’ என்று பெயர். அதன் ஒரு இயந்திரத்துக்கு ‘எக்கோ பூஸ்ட்’ என்று பெயர். சிக்கனமும் சுற்றுச்சூழலும் பெயரிலேயே வந்து ஒட்டிக் கொண்டன. சான்றளிக்கப்பட்ட அளவு, அந்த எக்கோ பூஸ்டுக்கு லிட்டருக்கு 18.9 கிலோமீட்டர், டீசல் வண்டிக்கு 22.7.

உருளையின் மேல் ஓடும் கார்

சரி, இந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன? ஒரு கார் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஓடி, குடித்த பெட்ரோலை அளந்து சொல்லுகிறார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். நடப்பது அதுவன்று.

கார் ஓர் அறைக்குள் நிறுத்தப்படுகிறது. அதன் சக்கரங்களுக்கு அடியில் உருளைகள் இருக்கும். சக்கரம் சுழலும், உருளை சுழலும், கார் இருந்த இடத்திலேயே இருக்கும். காற்றின் தடையையும் சாலையின் உராய்வையும் உருளைகளில் ஏற்றப்படும் சுமை ஈடு செய்கிறது. ஓட்டுநர் ஒரு திரையைப் பார்த்துக் கொண்டு, அது காட்டும் கோட்டின்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுகிறார். இந்தியாவில் நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்டு வந்த அட்டவணையின்படி இந்த ஓட்டம் 1,180 வினாடி நீடிக்கும். அதாவது இருபது நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. தூரம் பத்தரை கிலோமீட்டருக்குச் சிறிது அதிகம். உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஐரோப்பியர் பழைய நாளில் வகுத்த அட்டவணையைத் தழுவி, அவர்களது 120 கிலோமீட்டர் வேகத்தை நம் சாலைக்கேற்பக் குறைத்துச் செய்து கொண்ட ஏற்பாடு அது. ஏ.சி. அணைக்கப்பட்டிருக்கும். பின் இருக்கையில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள். டிக்கியில் பிரியாணி தேக்சாவும் இருக்காது.

இதில் மோசடி எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கார்களையும் ஒரே தேர்வு எழுத வைத்தால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். பெருங்களத்தூர் நெரிசலில் ஒரு காரையும், திருக்கழுக்குன்றம் சாலையின் விடியற்கால அமைதியில் மற்றொரு காரையும் ஓட்டிவிட்டு எது சிக்கனம் என்று தீர்ப்பளிக்க முடியுமா?

தேர்வுக்கூட மதிப்பெண்ணை வாழ்க்கையின் மதிப்பெண்ணாக விற்கும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. பழைய நெல் வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மரக்காலைத் தலை தட்டி அளப்பது ஒன்று. கும்பம் கட்டி அளப்பது ஒன்று. இரண்டும் மரக்கால்தான். விலை பேசும்போது கும்பத்தைக் காட்டி, கொடுக்கும்போது தலை தட்டினால், வீட்டுக்கு வந்து அளப்பவர் முகம் எப்படி மாறும்?

அரைக் கிலோமீட்டரின் விலை

இப்போது கணக்குக்கு வருவோம். வீட்டுக் கணக்கு எழுதும் சகோதரிகள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக் கொண்டால் நல்லது.

2015இல் ரெனோ நிறுவனம் ஒரகடத்தில் செய்த ‘க்விட்’ காரைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அதற்குச் சொல்லப்பட்ட அளவுதான் முதலில் நாம் கண்ட 25.17. மறு ஆண்டு அதே ஆலையில், அதே அடித்தளத்தின் மேல் செய்யப்பட்டு வந்த டட்சன் ‘ரெடி-கோ’ காருக்கும் அதே 25.17. அதே 2016இல் மாருதி தன் ‘ஆல்டோ 800’ காரைப் புதுப்பித்தபோது, அதன் அளவு 22.74இலிருந்து 24.7 ஆக உயர்ந்தது. க்விட்டுக்கும் புதிய ஆல்டோவுக்கும் வித்தியாசம் 0.47 கிலோமீட்டர். அரைக் கிலோமீட்டர் கூட இல்லை. ஆனாலும் ஒன்று ‘இருபத்தைந்தைத் தாண்டிய கார்’. மற்றொன்று தாண்டாத கார். செருப்புக் கடைக்காரர் நூறு ரூபாயை 99.95 என்று எழுதும் தந்திரத்தைத் தலைகீழாகக் கற்பனை செய்து பாருங்கள்; அதுதான் இது.

ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் குடும்பம் ஒன்றை எடுத்துக் கொள்வோம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்துக் கொள்வோம். கணக்குப் போட எளிது. 24.7 கொடுக்கும் கார் ஓராண்டில் 404.9 லிட்டர் குடிக்கும். 25.17 கொடுக்கும் கார் 397.3 லிட்டர் குடிக்கும். மிச்சம் 7.6 லிட்டர், பணமாக ரூ. 760. மாதத்துக்கு 63 ரூபாய். இரண்டு நிறுவனங்களும் அந்த 63 ரூபாய்க்காகத்தான் பக்கம் பக்கமாக விளம்பரம் போட்டுக் கொண்டன!

2021 நவம்பரில் மாருதி புதிய ‘செலேரியோ’வை 26.68 என்ற அளவோடு, நாட்டிலேயே மிகச் சிக்கனமான பெட்ரோல் கார் என்று அறிவித்தது. 25.17இலிருந்து 26.68 என்பது ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னேற்றம். அதே குடும்பத்துக்கு ஆண்டுக்கு மிச்சமாவது இருபத்திரண்டரை லிட்டர். ஏதோ பரவாயில்லை என்று சொல்லலாம்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது; பெரும்பாலோர் தவறிப் போகும் இடம் இதுதான். உங்களிடம் ஒரு கேள்வி: லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுக்கும் பழைய வண்டியைப் பன்னிரண்டு கொடுக்கும்படி மாற்றுவது இலாபமா, இருபது கொடுக்கும் காரை விற்றுவிட்டு இருபத்தைந்து கொடுக்கும் காரை வாங்குவது இலாபமா? ஐந்து பெரிதா, இரண்டு பெரிதா என்று பார்த்து, பத்தில் ஒன்பது பேர் இரண்டாவதைத்தான் சொல்லுவார்கள். போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு, பத்து கொடுக்கும் வண்டி 1,000 லிட்டர் குடிக்கிறது. பன்னிரண்டு கொடுப்பது 833 லிட்டர். மிச்சம் 167 லிட்டர். இருபது கொடுக்கும் கார் 500 லிட்டர். இருபத்தைந்து கொடுப்பது 400 லிட்டர். மிச்சம் 100 லிட்டர்தான். சின்ன எண்ணாகத் தோன்றிய இரண்டு, பெரிய எண்ணாகத் தோன்றிய ஐந்தை வென்று விட்டது.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இருவர் 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் இந்த மயக்கத்தை ஆராய்ந்து எழுதினார்கள். தூரத்தை எரிபொருளால் வகுத்துச் சொன்னால் மனித மனம் ஏமாறுகிறது. எரிபொருளைத் தூரத்தால் வகுத்துச் சொன்னால் ஏமாறுவதில்லை என்பது அவர்கள் கண்டது. ஐரோப்பியர் ‘நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர்’ என்று சொல்லும் வழக்கம் உள்ளவர்கள். அமெரிக்காவிலும் 2013ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து, ‘நூறு மைலுக்கு இத்தனை காலன்’ என்ற அளவையும் கார்க் கண்ணாடியில் ஒட்டும் சீட்டில் சேர்த்தார்கள். நாம் இன்னும் ‘எவ்வளவு கொடுக்கும்’ என்றுதான் கேட்கிறோம். ‘எவ்வளவு குடிக்கும்’ என்று கேட்கப் பழகியிருந்தால், தசமப் புள்ளி விளம்பரங்களில் பாதி அச்சேறியே இராது.

ஆகவே காட்சியறையில் விற்பனைப் பிரதிநிதி, “பாய், இந்த மாடல் ஐம்பதாயிரம்தான் கூட. ஆனா லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் எக்ஸ்ட்ரா. பெட்ரோல்லேயே எடுத்துடலாம்” என்று சொன்னால், தலையசைப்பதற்கு முன் கணக்கைப் போட்டுவிடுங்கள். இருபதிலிருந்து இருபத்திரண்டு என்றால் உங்களுக்கு ஆண்டுக்கு மிச்சம் 45 லிட்டர். சுமார் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஐம்பதாயிரத்தை எடுக்கப் பதினோரு ஆண்டு ஆகும். அந்த ஐம்பதாயிரத்தையும் கடன் வாங்கித் தவணையில் கட்டுகிறீர்கள் என்றால் பதினோரு ஆண்டும் போதாது. அதற்குள் பையன் கல்லூரியை முடித்துவிட்டு வேறு கார் கேட்பான்.

வாடகை வண்டி ஓட்டும் சகோதரருக்கு இதே கணக்கு வேறு விதமாக விடை தரும். மாமல்லபுரத்துக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஆண்டுக்கு நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் டீசல் வேன், பதினான்கிலிருந்து பதினைந்துக்கு உயர்ந்தாலே 190 லிட்டர் மிச்சம். லிட்டர் தொண்ணூறு ரூபாய் என்றாலும் பதினேழாயிரம் ரூபாய். அவருக்கு அந்த ஒரு கிலோமீட்டர் பிள்ளையின் பள்ளிக் கட்டணம். ஆகவே ‘சிறு முன்னேற்றம் வீண்’ என்று யாரும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட முடியாது. யாருக்கு, எத்தனை கிலோமீட்டருக்கு என்று கேட்க வேண்டும்.

நிறுவனத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

63 ரூபாய்க்காக ஒரு நிறுவனம் ஏன் கோடிக்கணக்கில் செலவழித்து இயந்திரத்தைத் திருத்துகிறது என்று கேட்கலாம். அதற்கு விடை விளம்பரத்தில் இராது, சட்டத்தில் இருக்கிறது. ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்கும் எல்லாக் கார்களின் சராசரிப் புகை இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று 2017இல் இந்தியாவில் விதி நடைமுறைக்கு வந்தது. முதல் கட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 130 கிராம் கரியமில வாயு. 2022இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் 113 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வரும். (முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலிலிருந்து இரண்டே கால் கிலோ வாயு எப்படி என்று பிள்ளைகள் கேட்டால், மீதி எடை காற்றிலிருந்து சேரும் ஆக்ஸிஜன் என்று சொல்லுங்கள்.) அப்படியானால் இருபது கிலோமீட்டர் கொடுக்கும் கார் கிலோமீட்டருக்கு 115 கிராம் விடுகிறது. வரம்போ 113. இலட்சக்கணக்கில் கார் விற்கும் நிறுவனத்துக்கு அரைக் கிலோமீட்டரும் உயிர்நாடி ஆகிவிடுகிறது. தன் தேவைக்காகச் செய்த திருத்தத்தையே உங்களுக்குச் செய்த உபகாரமாக விளம்பரத்தில் காட்டுகிறது. இதில் வியாபார சாமர்த்தியம் உண்டு, குற்றம் இல்லை. நாட்டுக்கும் காற்றுக்கும் அதனால் நன்மையே.

அந்த அரைக் கிலோமீட்டரை எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதும் சுவையானது. எளிதில் உருளும் டயர், மெல்லிய எஃகுத் தகடு, சிறிய மாற்றுச் சக்கரம், சற்று நீண்ட கியர் விகிதம் என்று கிராம் கிராமாகச் சேர்க்கிறார்கள். சிக்னலில் நின்றதும் தானே அணைந்து, கிளட்சை மிதித்ததும் தானே உயிர் பெறும் இயந்திரமும் இவற்றில் ஒன்று. சோதனை அட்டவணையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நேரம் கார் நின்று கொண்டேதான் இருக்கும். அங்கே இந்த ஏற்பாடு நன்றாக மதிப்பெண் வாங்கித் தரும். சென்னைக்குள் அலுவலகம் போய் வருபவருக்கும் உதவும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியைத் தாண்டி நிற்காமல் போகிறவருக்கு அதனால் ஒரு சொட்டும் மிச்சமாகாது.

2015இல் மாருதி தன் ‘சியாஸ்’ டீசல் காரில் இத்தகைய ஏற்பாட்டோடு ஒரு சிறிய மின்னாற்றல் துணையையும் சேர்த்து, 28.09 என்ற அளவோடு ‘ஹைபிரிட்’ என்ற பெயரில் விற்றது. மின்சார வண்டிகளுக்கான மத்திய அரசின் மானியமும் அதற்குக் கிடைத்தது. அந்தத் துணை, இயந்திரத்துக்குத் தோள் கொடுக்குமேயன்றித் தனியே காரை ஓட்டாது. 2017 ஏப்ரலில் இவ்வகைக் கார்களுக்கு மானியத்தை அரசு நிறுத்திக் கொண்டது. சொல்லின் பளபளப்புக்கு எத்தனை மதிப்பு என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

எண் பொய்த்தபோது

வெளிநாடுகளில் சில பெரிய பெயர்களே இதில் சறுக்கி விழுந்திருக்கின்றன. கீழே வரும் சம்பவங்கள் அந்தந்த நாட்டில் விற்ற கார்களைப் பற்றியவை. நம் மண்ணில் செய்த கார்களைப் பற்றியவை அல்ல.

அமெரிக்காவில் ஹூண்டாய் நிறுவனம் ‘நாற்பது மைல்’ என்ற முழு எண்ணை வைத்துப் பெரும் விளம்பரம் செய்து வந்தது. 2012 நவம்பரில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஹூண்டாயும் கியாவும் சொன்ன அளவுகள் மிகைப்பட்டவை என்று அறிவித்தது. சுமார் ஒன்பது இலட்சம் கார்களின் சீட்டை மாற்ற வேண்டியதாயிற்று. ‘எலான்ட்ரா’ காரின் நெடுஞ்சாலை அளவு நாற்பதிலிருந்து முப்பத்தெட்டாயிற்று. இரண்டு மைல்தான், ஆனால் அந்த இரண்டு மைலின் மேல்தான் விளம்பரமே நின்றது. 2014இல் பத்துக் கோடி டாலர் அபராதம் கட்டி இரு நிறுவனங்களும் வழக்கை முடித்துக் கொண்டன.

மறு ஆண்டு, 2013 ஆகஸ்டில், ஃபோர்டு தன் ‘சி-மேக்ஸ்’ ஹைபிரிட் காரின் அளவைக் காலனுக்கு 47 மைலிலிருந்து 43ஆகக் குறைத்துக் கொண்டது. நம் கணக்கில் லிட்டருக்கு இருபதிலிருந்து பதினெட்டேகால். அந்தக் காரைத் தனியே சோதிக்காமல், அதே இயந்திரம் கொண்ட வேறொரு காரின் அளவை அதற்கும் ஒட்டியிருந்தார்கள். விதி அதற்கு இடம் கொடுத்திருந்தது. மற்றக் கார் தாழ்ந்து நீண்டது, இதுவோ உயர்ந்து நின்றது. காற்று இரண்டையும் ஒரே மாதிரி நடத்துமா? வாங்கியவர்களுக்கு ஆளுக்கு 550 டாலர் திருப்பித் தரப்பட்டது.

ஜப்பானில் 2016இல் வெளிவந்தது இவற்றினும் பெரிது. மிட்சுபிஷி நிறுவனம் 6,25,000 சிறு கார்களின் எரிபொருள் அளவைத் திருத்திக் காட்டியதாக ஒப்புக் கொண்டது. அவற்றில் 4,68,000 கார்கள் நிஸ்ஸானுக்காகச் செய்து கொடுத்தவை. அளவு பொருந்தவில்லை என்று நிஸ்ஸான் கண்டுபிடித்துக் கேட்டதில்தான் குட்டு வெளிப்பட்டது.

நமக்கு மிக அருகில் நடந்தது திருச்சூர் வழக்கு. 2014இல் ஒரு பெண்மணி ஏறத்தாழ ஒன்பது இலட்சம் ரூபாய் கொடுத்து ஃபோர்டு டீசல் கார் ஒன்றை வாங்கினார். விளம்பரத்தாள் லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்றது. அவருக்குக் கிடைத்தது அதில் பாதி. திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அவர் அணுகினார். நியமிக்கப்பட்ட நிபுணர் காரை ஓட்டி அளந்தபோது 19.6 கிலோமீட்டர்தான் கிடைத்தது. சொன்னதில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைவு! நிறுவனமும் விற்பனையாளரும் அவருக்கு மூன்று இலட்சம் ரூபாய் இழப்பீடும் வழக்குச் செலவும் தர வேண்டும் என்று 2022இல் ஆணையம் தீர்ப்பளித்தது. மறைமலை நகர் ஆலையில் கார் உற்பத்தி நின்று போனதும் அதே 2022இல்தான் என்பது தற்செயல்; இரண்டுக்கும் தொடர்பில்லை.

பெட்ரோலே மாறிவிட்டால்?

விளம்பரம் இரண்டு விழுக்காட்டு முன்னேற்றத்தைக் கொண்டாடிக் கொண்டிருக்க, பம்பில் வேறொரு மாற்றம் ஓசையின்றி நடந்து விட்டது. கரும்பு, தானியம் இவற்றிலிருந்து எடுக்கும் எத்தனாலை இருபது விழுக்காடு கலந்த ‘இ-20’ பெட்ரோல் 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், கலவையின் ஆற்றல் ஆறு ஏழு விழுக்காடு குறையும். இது எளிய பெருக்கல். இந்தக் கலவைக்கென்றே செய்த இயந்திரம் இழப்பில் ஒரு பகுதியை மீட்டுக் கொள்ளும். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை, பழைய வகைக் கார்களுக்கு ஆறு முதல் ஏழு விழுக்காடும், இதற்கேற்பத் திருத்திய கார்களுக்கு ஒன்று முதல் இரண்டு விழுக்காடும் குறையலாம் என்று மதிப்பிட்டது. இருபது கொடுத்த பழைய கார் இப்போது பதினெட்டரை, பதினெட்டே முக்கால் கொடுத்தால், மெக்கானிக்கைக் கோபிப்பதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

நீங்களே அளந்து பாருங்கள்

உங்கள் காரின் உண்மை அளவை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பம்பின் குழாய் தானே நிற்கும் வரை தொட்டியை நிரப்புங்கள். அதற்கு மேல் ஊற்றச் சொல்லாதீர்கள். மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக் கொள்ளுங்கள். வழக்கம்போல் வாருங்கள், போங்கள். முந்நூறு கிலோமீட்டர் கடந்தபின் அதே பம்பில் மீண்டும் அதே போல் நிரப்பி, ஓடிய தூரத்தை இப்போது நிரப்பிய லிட்டரால் வகுத்தால் கிடைப்பதுதான் உங்கள் மைலேஜ். ஒருமுறை போதாது, மூன்று முறை செய்து சராசரி பாருங்கள். காரின் முகப்பில் மின்னும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பல கார்களில் அது சற்றுத் தாராளமாகவே காட்டும்.

வார விடுமுறையில் குடும்பத்தோடு செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று, அங்கிருந்து கடற்கரைச் சாலையில் கோவளம் தர்கா வரை போகிறீர்கள் என்றால், ஐம்பது கிலோமீட்டர் போல வரும். எண்பதில் போவதற்கும் நூறில் போவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சாலையிலேயே காணலாம். வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் காற்றின் தடை கூடுகிறது. எண்பதுக்கு நூறு என்றால் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். பிற்பகலில் கடற்காற்று எதிர்த்து வீசினால் இன்னும் கூடும். மேற்கூரையில் சாமான் கட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். டயரில் காற்றுக் குறைந்திருப்பதும், பள்ளிவாசல் வாசலில் பத்து நிமிடம் இயந்திரத்தை அணைக்காமல் ஏ.சி.யில் காத்திருப்பதும், நீங்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய அரைக் கிலோமீட்டரைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

கார் வாங்கும் நாளில் கொடுத்த விளம்பரத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். ரசீதோடு சேர்த்துத் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள். விற்பனைப் பிரதிநிதி வாயால் சொன்ன எண்ணை விலைச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான். சொன்னதற்கும் கிடைப்பதற்கும் நியாயமான காரணம் காட்ட முடியாத அளவு இடைவெளி இருந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க முடியும். செங்கல்பட்டிலும் மாவட்ட ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை ஐந்து இலட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். மூன்று முறை தொட்டி நிரப்பி அளந்த கணக்கும் பம்பின் ரசீதுகளும் மனுவோடு இருக்கட்டும்.